கொசுவை விரட்டிய ஊர்கள், கொசு திரும்பி வந்த ஊர்கள்

உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய, சென்னையிலேயே வளர்ந்த பெரியவர்கள் இருந்தால், 1964ஆம் ஆண்டு வந்த காய்ச்சலைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு சென்னையிலும் வேலூரிலும் புதுச்சேரியிலும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே மாதிரியான காய்ச்சலில் படுத்தார்கள். காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது. மூட்டு வலி மட்டும் வாரக்கணக்கில் விடவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் நோயாளிகளின் ரத்தத்தில் இருந்தும், பிடித்து வந்த கொசுக்களில் இருந்தும் ஒரே வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் சிக்குன்குனியா.

இந்தப் பெயர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மகோண்டே மொழியில் இருந்து வந்தது. வலியால் உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் சொல் அது. 1952-53இல் இன்றைய தான்சானியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது. 1963இல் கொல்கத்தாவுக்கும், மறு ஆண்டு நம் ஊருக்கும் வந்தது. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சி நகரில் ஒரு முறை தலைகாட்டியது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் பெரிதாகப் பேச்சே இல்லை. மருத்துவ மாணவர்கள் பாடப் புத்தகத்தில் மட்டும் படித்த நோயாகிவிட்டது. பிறகு 2005 இறுதியில் திரும்பி வந்தது. 2006இல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று அரசுக் கணக்கு சொன்னது. அதில் தமிழ்நாடும் உண்டு. அந்த வருடம் மாடிப்படி ஏற முடியாமல் தவித்தவர்கள் நம்மிடையே இருப்பீர்கள்.

நடுவில் போன அந்த முப்பது ஆண்டுகளில் நோய்தான் போயிருந்தது. அதைச் சுமக்கும் கொசு நம் வீடுகளிலேயே இருந்தது. வைரஸ் திரும்பி வந்தபோது அதற்கு வண்டி தயாராக நின்றிருந்தது.

அந்தக் கொசுவின் பெயர் ஏடிஸ் எஜிப்தி. டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் என்று நான்கு வைரஸ் நோய்களைச் சுமக்கும் கொசு இது. கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் சில ஊர்கள் இதை ஏறக்குறைய முழுவதுமாக விரட்டிக் காட்டின. அவற்றில் பல ஊர்களுக்கு அது திரும்பியும் வந்தது. எப்படி விரட்டினார்கள், ஏன் திரும்பியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் வரலாற்றில் தெளிவான பதில் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் நாம் எடுக்க வேண்டிய ஒரு முடிவுக்கும் அந்தப் பதில்கள் உதவும்.

வீட்டுக்குள் குடியேறிய கொசு

ஏடிஸ் எஜிப்தியின் மூதாதையர் ஆப்பிரிக்கக் காடுகளில், மரப்பொந்துகளில் தேங்கும் மழைத் தண்ணீரில் வளர்ந்தவை. மழை குறைந்த பகுதிகளில் மனிதர்கள் பானைகளில் தண்ணீர் சேமிக்கத் தொடங்கியதும், இந்தக் கொசு அந்தப் பானைகளுக்கு இடம் மாறியது. காலப்போக்கில் மனித ரத்தத்தையே விரும்பிக் குடிக்கப் பழகியது. பிறகு அடிமை வியாபாரக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. ஆசியாவின் துறைமுக நகரங்களுக்கும் கப்பல் வழியாகவே வந்து சேர்ந்தது.

ஆகவே இது சாக்கடைக் கொசு அல்ல. சாக்கடையிலும் கழிவுநீரிலும் பெருகி இரவில் கடிப்பது க்யூலெக்ஸ் என்ற வேறு இனம். ஏடிஸ் ஓரளவு தெளிந்த, சலனமில்லாத தண்ணீரைத் தேடும். பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். கட்டிலுக்கு அடியிலும், மாட்டி வைத்த துணிகளுக்குப் பின்னாலும் ஓய்வெடுக்கும். வாழ்நாளில் பெரும்பாலும் பிறந்த இடத்தில் இருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்தான் சுற்றும். உங்களைக் கடிக்கும் ஏடிஸ் எங்கோ கூவத்தில் இருந்து பறந்து வந்ததல்ல. அநேகமாக உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, நம் மொட்டை மாடியிலோ பிறந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இதன் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதங்கள் காய்ந்த நிலையிலேயே உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிந்துவிடும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறார்கள்.

ஹவானா: தெரு சுத்தமானது, காய்ச்சல் போகவில்லை

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் பல தலைமுறைகளாக ஆட்களைக் கொன்று வந்தது. நாம் சொல்லும் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசுவால் பரவும் வைரஸ் நோய். 1881இல் கார்லோஸ் ஃபின்லே என்ற ஹவானா மருத்துவர், இதைப் பரப்புவது வீட்டுக் கொசுதான் என்று அறிவியல் கழகக் கூட்டத்தில் சொன்னார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அழுக்கும் துர்நாற்றமும்தான் காரணம் என்பது அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கை.

1898 போருக்குப் பிறகு ஹவானா அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது. நகரத்தின் சுகாதாரப் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் கோர்கஸ். அவரும் அந்தப் பழைய நம்பிக்கைப்படி நகரத்தைக் கழுவித் துடைத்தார். தெருக்களைப் பெருக்கி, குப்பையை அகற்றினார். மற்ற சில நோய்கள் குறைந்தன. மஞ்சள் காய்ச்சல் குறையவில்லை. 1900இல் ஹவானாவில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இறந்தார்கள்.

அதே ஆண்டு வால்டர் ரீட் தலைமையிலான மருத்துவக் குழு, ஃபின்லே கொடுத்த கொசு முட்டைகளையே வைத்துச் சோதனை நடத்தி, அவர் சொன்னது சரி என்று நிரூபித்தது. அந்தக் குழுவில் இருந்த ஜெஸ்ஸி லசியர் என்ற இளம் மருத்துவர் கொசுக்கடியால் நோய் கண்டு உயிரையே கொடுத்தார்.

1901 தொடக்கத்தில் கோர்கஸ் வழியை மாற்றினார். துடைப்பத்தை விட்டுவிட்டு வீடு வீடாக ஆள் அனுப்பினார். தண்ணீர்த் தொட்டிக்கும் பீப்பாய்க்கும் மூடி அல்லது வலை கட்டாயமானது. தேவையில்லாமல் தேங்கிய தண்ணீர் கொட்டப்பட்டது, கொட்ட முடியாத இடத்தில் எண்ணெய் ஊற்றப்பட்டது. கொசுப்புழு இருந்த வீட்டுக்கு அபராதம். நோயாளிகளைக் கொசு நெருங்காதபடி வலையடித்த அறையில் வைத்தார்கள். சில மாதங்களில், அதே ஆண்டு செப்டம்பரோடு, ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் நின்றது. 1902இல் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை.

நம் வளாகத்துக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. நம் நடைபாதை பளிச்சென்று இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் ஏடிஸுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. பளபளக்கும் வீட்டின் பால்கனியில் உள்ள ஒரு பூந்தொட்டித் தட்டு அதற்குப் போதும்.

பிரேசிலும் கியூபாவும்: ஜெயித்த பிறகு நிறுத்தினார்கள்

அடுத்த கட்டம் பிரேசிலில் நடந்தது. 1930களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஃபிரெட் சோப்பர் அங்கே இருந்தார். கொசுவைக் குறைப்பது அவர் நோக்கம் அல்ல. ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பதே குறி. நகரங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆய்வாளரை நியமித்தார். எந்த நாள், எந்த நேரம், எந்த வீட்டில் அவர் இருக்க வேண்டும் என்று அட்டவணை போட்டார். அவர் பார்த்த வீடுகளை இன்னொருவர் திரும்பப் போய்ச் சோதிப்பார். சோப்பரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் ரியோ அருகே ஒரு வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. அட்டவணையைப் பார்த்தால், அந்த நேரத்தில் தன் ஆய்வாளர் ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். உடனே அவர் மனைவிக்கு இரங்கல் செய்தியும் பணமும் அனுப்பினார் சோப்பர். மறுநாள் அந்த ஆய்வாளர் முழு உடம்போடு வேலைக்கு வந்தார். உயிரோடு வந்ததற்காகவே அவர் வேலை போனது!

1947இல் அமெரிக்கக் கண்டம் முழுவதிலும் இந்தக் கொசுவை ஒழிப்பது என்று நாடுகள் சேர்ந்து தீர்மானித்தன. டிடிடி மருந்தும் கைக்கு வந்திருந்தது. 1958இல் பிரேசில் ஏடிஸ் இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. 1962க்குள் அந்தப் பட்டியலில் 18 நாடுகள் சேர்ந்தன. அவ்வளவு பெரிய நிலப்பரப்பில், கைப்பேசியும் கணினியும் இல்லாத காலத்தில், வீடு வீடாக நடந்தே இதைச் சாதித்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? நோய் கண்ணில் படவில்லை, எனவே பணம் குறைந்தது. ஆய்வாளர்கள் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார்கள். சில நாடுகள் வேலையை முடிக்கவே இல்லை. அமெரிக்கா தன் மண்ணில் தாமதமாகத் தொடங்கிப் பாதியில் கைவிட்டது. கொசு டிடிடிக்குப் பழகிக்கொண்டது. முடிக்காத நாடுகளில் இருந்து, முடித்த நாடுகளுக்குக் கப்பலிலும் பழைய டயர்களிலும் அது திரும்பிப் போனது. 1967இல் பிரேசிலில் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டது.

விலையைக் கியூபா கொடுத்தது. 1977இல் அங்கே டெங்குவின் ஒரு வகை பரவியது, பெரும்பாலும் லேசாகவே போனது. 1981இல் இரண்டாவது வகை வந்தது. டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனவரை மற்றொரு வகை தாக்கினால், நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அந்த 1981இல் சில மாதங்களுக்குள் 3,44,203 பேருக்கு நோய் வந்தது. 158 பேர் இறந்தார்கள். அவர்களில் 101 பேர் குழந்தைகள். மஞ்சள் காய்ச்சலை வீடு வீடாகப் போய் விரட்டிக் காட்டிய அதே நாட்டில் இது நடந்தது. பிறகு கியூபா ஆயிரக்கணக்கான பணியாளர்களை மறுபடி வீடுகளுக்கு அனுப்பியது. அக்டோபரில் பரவல் நின்றது.

சிங்கப்பூர்: அடுக்குமாடிகளின் பாடம்

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். அங்கே பெரும்பாலானவர்கள் நம்மைப் போல அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். 1960களில் கடுமையான டெங்கு அங்கே பல குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 1966 முதல் அரசு வீடுகளைக் கணக்கெடுத்தது. நூறு வீடு பார்த்தால் எத்தனை வீட்டில் ஏடிஸ் புழு இருக்கிறது என்பதுதான் கணக்கு. நெருக்கடியான குடிசை வீடுகளில் சுமார் 27, கடை வீடுகளில் 16, அடுக்குமாடிகளில் 5 என்று வந்தது. மாடி ஏறினால் கொசு குறையும். ஆனால் இல்லாமல் போகாது.

1968இல் தனிச் சட்டம் வந்தது. தன் இடத்தில் கொசு வளரவிட்டால் அது குற்றம். ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். 1973இல் ஒரு பெரிய பரவல் வந்து போனது. அதன் பிறகு நூறு வீட்டில் இரண்டு வீடு என்ற அளவுக்குப் புழு இருக்கும் வீடுகள் குறைந்தன. பதினைந்து ஆண்டுகள் போல டெங்கு அடங்கியிருந்தது.

ஆனால் 1990களில் மறுபடி ஏறியது. 2005இல் 14,000 பேருக்கு வந்தது. 2013இல் 22,000. 2020இல் 35,000க்கும் மேல். உலகின் மிக ஒழுங்கான நகரங்களில் ஒன்றில் இப்படி நடந்தது ஏன்? அதை ஆராய்ந்தவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று.

முதல் காரணம், வெற்றியே. ஒரு தலைமுறை டெங்குவே வராமல் வளர்ந்தது, அதனால் எதிர்ப்பு சக்தி உள்ளவர்கள் குறைந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் மிகக் குறைந்த கொசுவே பெரிய பரவலுக்குப் போதும்.

இரண்டாவது, வீடுகள் சுத்தமானதும் நோய் வெளியே பிடித்தது. குழந்தைகளைத் தாக்கிய டெங்கு, வேலைக்குப் போகும் பெரியவர்களை அதிகம் தாக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வெளியே உள்ள இடங்களை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. 2016இல் ஜிகா அங்கே முதலில் பரவியபோது, தொடக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு கட்டுமானத் தளத்தின் தொழிலாளர்கள்.

மூன்றாவது, வேலையின் முறை மாறியது. முன்பு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா இடத்தையும் பார்த்தார்கள். பிற்காலத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்ததோ அந்த இடத்துக்கு ஓடுவது முதன்மையானது. ஆனால் கொசு கடித்து நான்கு முதல் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். மருத்துவரிடம் போய், ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் இன்னும் சில நாள். நாம் அங்கே போய்ச் சேரும்போது கொசு அடுத்த வேலையைத் தொடங்கியிருக்கும்.

சிங்கப்பூர் இன்றும் விடவில்லை. புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு 200 டாலரில் தொடங்கும் அபராதம் உண்டு. அங்குள்ள பழைய அடுக்குமாடிகளில் துணி காயப்போடும் மூங்கில் கம்பைச் செருக வெளிச்சுவரில் குழாய்கள் இருக்கும். மழைத் தண்ணீர் அதற்குள் தேங்கும். பயன்படுத்தாதபோது அதையும் மூடி வையுங்கள் என்று அரசு இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம் வளாகத்துக்கு என்ன?

இது நமக்கு வெறும் வெளிநாட்டுக் கதை அல்ல. 2017இல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு வந்து, 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. 2024இல் உலகம் முழுவதும் 1.4 கோடிக்கு மேல் டெங்கு பாதிப்புகள் பதிவாயின. டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. கொசுவைத் தடுப்பதே நம் கையில் இருப்பது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் யாருக்காவது காய்ச்சல் வந்ததும், "புகை மருந்து அடிக்கச் சொல்லுங்கள்" என்ற கோரிக்கை நம் சங்கத்துக்கு வருகிறது. புகை அடித்தால் நாம் ஏதோ செய்த திருப்தி வரும். ஆனால் அது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். நாம் சன்னலைச் சாத்திக்கொள்கிறோம், கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஏடிஸ் பத்திரமாக இருக்கிறது. தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு எதுவும் ஆகாது. ஒரு வாரத்தில் புதுக் கொசுக்கள் கிளம்பிவிடும். நோய் பரவும் நேரத்தில் சுகாதாரத் துறை அடிக்கும் புகைக்கு ஒரு பயன் உண்டு. அதை மட்டுமே நம்பி இருப்பதுதான் தவறு.

ஹவானாவும் பிரேசிலும் சிங்கப்பூரும் ஜெயித்த நாட்களில் செய்தது ஒன்றே. முறை வைத்து, ஒரு வீடு விடாமல், நோய் இல்லாதபோதும் போய்ப் பார்த்தார்கள். முட்டை கொசுவாக மாற நம் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை பார்த்தால் போதும், அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியவை இவை: பூந்தொட்டித் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டு, ஏ.சி. தண்ணீர் விழும் வாளி, அதிகம் பயன்படுத்தாத கழிவறை, நிரப்பி வைத்து மறந்த டிரம், பால்கனியில் போட்டு வைத்த ஆட்டுக்கல். பொது இடத்தில்: மேல்நிலைத் தொட்டி மூடி, சம்ப் மூடி, லிஃப்ட் குழி, மொட்டை மாடியில் தண்ணீர் நிற்கும் மூலை, தார்ப்பாய் மடிப்பு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை. கொட்ட முடிந்ததைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், முடியாததை இறுக மூடுங்கள்.

சங்கத்தின் முன் மூன்று யோசனைகள். ஒன்று, பிளாக்குக்கு இரண்டு பேர் வீதம் ஞாயிறு காலையில் அரை மணி நேரம் பொது இடங்களைப் பார்ப்பது. விருப்பமுள்ள வீடுகளுக்குள்ளும் வந்து பார்ப்பார்கள். எத்தனை இடம் பார்த்தோம், எத்தனை இடத்தில் புழு இருந்தது என்று வீட்டு எண் இல்லாமல் அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். அந்த எண் குறைகிறதா, ஏறுகிறதா என்பதே நம் அளவுகோல். இரண்டு, பூட்டிக் கிடக்கும் வீடுகள். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள் பால்கனியையும் கழிவறையையும் பார்க்க ஒருவருக்குச் சாவியும் அனுமதியும் கொடுத்து வைக்க வேண்டும். மூன்று, உள்ளாட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள். இவர்கள் வந்தால் பல குடியிருப்புகளில் வாசல் காவலரோடு பேசி, கையெழுத்து வாங்கித் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே விட்டாலும் "எங்கள் வீட்டில் எல்லாம் சுத்தம்" என்று கதவருகிலேயே அனுப்பிவிடுகிறோம். வெயிலில் படியேறி வருபவருக்குக் கதவைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, பால்கனி வரை அழைத்துப் போங்கள். நாம் பார்க்கத் தவறிய தட்டு அவர் கண்ணில் படலாம்.

இதையெல்லாம் செய்தாலும் கொசு அடியோடு ஒழியாது. சிங்கப்பூரே அதற்குச் சாட்சி. ஆனால் ஒரு பிளாக்கில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அது அவரோடு நிற்குமா, அடுத்த பத்து வீட்டுக்குப் போகுமா என்பது நாம் வாரா வாரம் பார்ப்பதைப் பொறுத்தது. மூன்று மாதம் புழுவே கிடைக்கவில்லை என்றால், "இனி எதற்கு?" என்று யாராவது கேட்பார்கள். அவர்களிடம் பிரேசில், கியூபா கதையைச் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு அதிக நாள் இல்லை. ஞாயிறு சுற்றுக்கு வர விரும்புகிறவர்கள் உங்கள் பிளாக் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்கள். அதற்கு முன்பே, இதைப் படித்து முடித்ததும், உங்கள் பால்கனிக்கு ஒரு நடை போய்ப் பூந்தொட்டித் தட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.